எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் ஹர்ஷிணி

ரேஸ் கோர்ஸ்,
கோயம்புத்தூர்.
17-11-1998, செவ்வாய்க்கிழமை

சிரஞ்சீவி பாலகோபாலுக்கு உன் அம்மா அம்புஜம் ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலம். என் பொறுப்பில் நீ விட்டுப் போன உன் மூத்த மகள் ஹரிதா உடம்பால் நலம். வண்டி நலமில்லை. அமெரிக்காவில் நீயும் உன் மனைவியும் இளையவள் ஹர்ஷிணியும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எந்தக் கெடுதலும் எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு யந்திரம் அனுப்புகிறவர்களுக்கு என்ன குறை?

உன் நண்பரிடம் கொடுத்தனுப்பிய பார்சல் பத்தாம் தேதி வந்து சேர்ந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறுக்கே பேசாமல் படி. வண்டியில் பாட்டுக் கேட்க ஒரு கேஸட் பிளேயர் வைத்துக்கொள்ளேன் அம்மா என்று நீ போன வருடம் சொன்னதும், உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் கையால் துடைத்து வைத்திருந்த அம்பாசடர் டாஷ்போர்டில் எவனோ ரம்பத்தை வைத்து ஓட்டை போடுவதை நான் உயிரோடு இருக்கும்வரை பார்க்கமாட்டேன் என்று நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். அதற்கு நீ கண்டுபிடித்த மாற்று வழி, கையகல சிடி பிளேயர் ஒன்று, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று. கறுப்புப் பெட்டியை பிளேயரில் செருகினால் அது ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடுகிறது. வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ரேடியோவில் எஃப்.எம். வைத்து, முள்ளை எண்பத்தெட்டு புள்ளி ஒன்றுக்குக் கொண்டுவந்தால் பாட்டு ரேடியோ வழியே கேட்கிறது. கம்பி கிடையாது, ஓட்டை கிடையாது. கையேட்டை நானே மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் வினைச்சொல்லே இல்லாத வாக்கியம் இரண்டு இருக்கின்றன. குன்னூர் கான்வென்ட்டில் நாங்கள் அப்படி எழுதியிருந்தால் மதர் எங்களை முட்டிபோட வைத்திருப்பார். சுற்றிலும் பத்து மீட்டர் தூரம் கேட்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. இந்தப் பத்து மீட்டரை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

முதல் நாள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைக்கவில்லை. டிரைவர் மயில்சாமியைக் கூப்பிட்டு, போர்ட்டிகோவில் நின்ற வண்டியிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஆனால் இத்தனை மைல் தாண்டி அனுப்புகிறவன் ஒரே ஒரு சிடியா அனுப்புவான்? அதுவும் ஹர்ஷிணி பாடி நீயே வீட்டில் பதிவு செய்த சிடி. முப்பத்தெட்டு நிமிடம். சரளி வரிசை பதினான்கு, ஒவ்வொன்றும் மூன்று காலத்தில். ஒன்பது வயதுக் குழந்தை ஏழு மாதமாகப் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள் என்றால் எனக்குச் சந்தோஷம். அவள் அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும்வரை நீ பொறுத்திருந்தால் இன்னும் சந்தோஷம். நான் எட்டு வருடம் பியானோ வாசித்தவள், சுருதி எனக்குத் தெரியும். உன் மகள் மேல் ஸட்ஜத்தைத் தொடுவதே இல்லை. அடுத்த வீட்டுக் காம்பவுண்டை எக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடுகிறாள். மயில்சாமி மரியாதையாக ஐந்து நிமிடம் கேட்டான். பிறகு, "ஏனுங்கம்மா, சின்ன அம்மணி மேல ஏறி ஏறிப் போயிட்டு மறுக்கா மறுக்கா கீழயே வந்துருதுங்களே. மேல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றான். "அது பயிற்சி, மயில்சாமி" என்றேன். "ஓ, வண்டி கத்துக்கறப்ப ரிவர்ஸ் எடுக்கற மாதிரிங்களா" என்றான். அவனிடம் கோபித்துக்கொள்ள எனக்கு நியாயம் இருக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோபிசெட்டிபாளையம் அரங்கசாமி குடும்பம் பற்றி உனக்குப் போனிலேயே சொல்லியிருந்தேன். வாழைத் தோட்டமும் அரிசி ஆலையும் இருக்கின்றன, பையன் சசிதர் என்ஜினீயர், வீட்டில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், முன்னால் வந்த இரண்டு வரன்களை மூஞ்சி சரியில்லை, மூளை சரியில்லை என்று தள்ளிய உன் மகள், இந்தப் பையனைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாகத் தலைமுடியை வாரிக்கொண்டே இருந்தாள். அவர்கள் வழக்கப்படி, பேச்சை உறுதி செய்வதற்கு முன் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் குலதெய்வத்திடம் இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்ப் பூக் கேட்கவேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். நீ இருந்து செய்யவேண்டிய காரியம் இது. தை மாதத்துக்கு முன் லீவு கிடையாது என்று நீ சொல்லிவிட்டாய். அதனால் நான் போனேன்.

காலை ஏழரைக்கு அரங்கசாமியும் அவர் மனைவி வெங்கடம்மாளும் சசிதரும் அவர்களுடைய எஸ்டீம் காரில் நம் வீட்டுக்கு வந்தார்கள். டிபன் ஆனதும் உன் யந்திரத்தை நான் காட்டினேன். பெருமைக்காகத்தான் காட்டினேன். கர்த்தர் பெருமையைத் தாழ்த்துகிறார் என்று சிஸ்டர்கள் எங்களுக்கு எழுதிக்கூடக் கொடுத்தார்கள், அது அப்போது நினைவுக்கு வரவில்லை. "அமெரிக்காவுல இருந்து பேத்தி பாடறது இந்த வண்டில கேக்குதுங்களா!" என்று அரங்கசாமி கைகூப்பாத குறையாக நின்றார். "ஏனுங்கம்மா, எங்க வண்டிலயும் கேக்குமுங்களா?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டார். பத்து மீட்டருக்குள் வந்தால் கேட்கும் என்று நான் மரியாதைக்குச் சொன்னேன். உடனே சசிதர் அவர்கள் ரேடியோவையும் எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் வைத்தான். பிறகு வாசலில் நீங்கள் முன்னால் போங்கள், இல்லைங்க நீங்க போங்க என்று பத்து நிமிடம் ஆனது. பாட்டு எங்கள் வண்டியில் இருந்ததால் நாங்கள் முன்னால் போவது என்று முடிவாயிற்று.

ஐந்து நிமிடம் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஈச்சனாரி தாண்டியதும் நிறுத்தக் கையை நீட்டினேன். டிரைவருக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்தால் எஸ்டீம் எங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அரங்கசாமி தலையை ஆட்டுகிறார். குழந்தை பாடுவதை ரசித்துத் தலையாட்டுகிற பெரிய மனிதர் காதிலிருந்து பாட்டைப் பிடுங்குவது எப்படி? அது மேட்டுப் பள்ளத்தில் ஆடிய தலை என்பது எனக்குத் தெரியாது. நான் கையை எடுத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆகி சிடி முடிந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு ஹாரன். கண்ணாடியில் அரங்கசாமி விரலைச் சுழற்றி, பாட்டு நின்றுவிட்டதே என்று கவலையோடு கேட்கிறார். மறுபடி போட்டேன். ஹரிதா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கிணத்துக்கடவு ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே கடவுள் கண் திறந்தார், பிளேயரில் பேட்டரி தீர்ந்தது. ஹர்ஷிணி பாதிப் படியில் நின்றாள். அந்த நிசப்தத்தில் புளியமரத்தில் காக்கை கத்தியதுகூட எனக்குச் சங்கீதமாக இருந்தது. கதவுக்கு வெளியே அரங்கசாமி வந்து நிற்கிறார். "என்னாச்சுங்கம்மா, பாட்டு நின்னுபோச்சு?" "பேட்டரி தீர்ந்துவிட்டது, பரவாயில்லை, விடுங்கள்" என்றேன். "அதெப்படீங்க விடறது! டே சசி, அந்தப் பொட்டிக்கடையில செல்லு வாங்கிட்டு ஓடியா!" பையன் ஓடினான். நான்கு பேட்டரி வாங்கி வந்தான். இரண்டு போதும் என்றேன். "போறப்ப ரெண்டு, வாறப்ப ரெண்டு இருக்கட்டுங்க" என்றார் அரங்கசாமி. புது பேட்டரி போடும்போது நான் எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, அதன் பிறகு மூன்றாவது வரிசை மட்டுமே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. கையேட்டில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது. கையேடு வீட்டில் இருந்தது.

அதே கேட்டில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அதன் டிரைவர் கோடைக்கானல் நிலையத்தைத் தேடி ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவன், எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் வந்து மாட்டிக்கொண்டான். இரண்டு தடவை மூன்றாவது வரிசையைக் கேட்டுவிட்டு, "ஏனப்பா, ரேடியோக்காரனுக்குப் பாட்டு தீந்துபோச்சா? இந்தப் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணியாச்சும் குடுங்கப்பா, கேக்கறவனுக்கு விக்குது!" என்று கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆனால் வீட்டில் யாரும் உரத்துப் பேசாத அந்த அரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேன் பக்கம் போனார். "ஏனுங் தம்பி, யாரைப் பாத்து என்ன பேச்சுப் பேசறீங்க? பாடறது எங்க சம்பந்தியம்மாளோட பேத்தி. கேக்கப் புடிச்சாக் கேளுங்க, புடிக்காட்டி உங்க பொட்டியை அணைச்சுப்போட்டுப் போங்க!" என்றார். வேன்காரன், "மன்னிச்சுக்கோங்க, தெரியாம சொல்லிப்போட்டனுங்க" என்று ரேடியோவை அணைத்தான். அணைக்க அவனுக்குச் சுதந்திரம் இருந்தது. பூக் கேட்பதற்கு முன்பே அரங்கசாமி என்னைச் சம்பந்தியம்மாள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதை நான் கவனித்தேன். ஹரிதாவும் கவனித்தாள், காது சிவந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நூறு தடவை மூன்றாவது வரிசையைக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கேட் திறந்து இன்னும் ஒன்பது தடவை கேட்டதும் அந்த எண்ணம் மாறிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் நிறுத்தினால் மரியாதைக் குறைவு. ஆனால் எஸ்டீம் பத்து மீட்டருக்கு மேல் பின்தங்கிவிட்டால் பாட்டு அவர்களுக்குத் தானாகவே நின்றுவிடும், நானும் குற்றமில்லாமல் அணைத்துவிடலாம். "மயில்சாமி, கொஞ்சம் வேகமாகப் போ" என்றேன். முப்பது வருடத்தில் நான் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. அவன் கேள்வி கேட்கவில்லை. "சரீங்கம்மா" என்று ஒரே மிதி. அம்பாசடர் ஐம்பது, அறுபது, எழுபது. பின்னால் எஸ்டீம்காரர்களுக்குப் பாட்டு விட்டுவிட்டு வந்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக் குழந்தை பாடும்போது பின்தங்கலாமா என்று அவர்களும் மிதித்திருக்கிறார்கள். பொள்ளாச்சி ரோட்டில் ஸ ரி க ம பாடிக்கொண்டு இரண்டு கார் பந்தயம் போனது. வயற்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அம்மா, அவுங்க உடமாட்டேங்கறாங்க" என்றான் மயில்சாமி. "இன்னும் வேகமாகப் போ" என்றேன். அப்போது ஒரு வெள்ளாடு ரோட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் போவது என்று நின்று யோசித்தது. மயில்சாமி பிரேக் போட்டான். ஆடு பிழைத்தது. எஸ்டீம் வந்து எங்கள் பின் பம்பரில் மோதியது.

யாருக்கும் காயமில்லை. நம் பம்பர் ஒரு பக்கம் தொங்கிப் போயிற்று. அவர்கள் வண்டியின் மூக்கு அமுங்கி, கீழே தண்ணீர் கொட்டியது. எல்லோரும் இறங்கினோம். இனி நடந்ததை நீ நம்பமாட்டாய். அரை மணி நேரம் சண்டை போட்டோம். தப்பு யாருடையது என்றுதான் சண்டை. "தப்பு பூரா எங்களுதுங்கம்மா, ஒட்டிட்டு வந்தது நாங்கதான்" என்றார் அவர். "இல்லை, திடீரென்று நிறுத்தியது எங்கள் வண்டி" என்றேன் நான். "மயில்சாமி என்னங்க பண்ணுவாரு, ஆடு வந்துச்சு." "ஆடு வந்தாலும் ஓரமாக நிறுத்தியிருக்கவேண்டும்." ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மயில்சாமி மட்டும், "தப்பு ஆட்டோடதுன்னு வெச்சுக்கலாமுங்களே" என்றான். அவனை நான் முறைத்தேன். அந்தப் பக்கம் ரோட்டோரப் புளியமரத்தடியில் சசிதர் ஹரிதாவிடம் ஏதோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று என் மனது சுருங்கிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் எங்கள் வண்டிக்குள் ஹர்ஷிணி மூன்றாவது வரிசையை நிறுத்தவில்லை.

எல்லோரும் அம்பாசடரில் ஏறுங்கள், நெருக்கி உட்கார்ந்து கோயிலுக்குப் போய்விடலாம் என்று நான் கூப்பிட்டேன். வெங்கடம்மாள் கதவுவரை வந்தாள். ஒரு காலை உள்ளேயும் வைத்தாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டை ஒரு நிமிடம் கேட்டாள். காலை வெளியே எடுத்துவிட்டு, "இல்லீங்கம்மா, நீங்க ஊட்டுக்குப் போங்க. நாங்க வண்டியைப் பாத்துப்போட்டு பஸ்ல போயிக்கறோமுங்க. அம்மனுக்கு இன்னைக்கு மனசில்லையாட்டம் இருக்குது" என்றாள். வாழைத் தோட்டமும் அரிசி ஆலையும் உள்ள வீட்டம்மா, என் வண்டியில் ஏறுவதைவிடப் பஸ்ஸில் போவது மேல் என்று சொல்லிவிட்டாள். இதைவிட நாசூக்காக ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாங்கள் திரும்பி வந்தோம். பம்பர் வழி நெடுக ரோட்டில் உரசிக்கொண்டே வந்தது. மயில்சாமி அதைச் சுருதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, இன்று செவ்வாய். கோபியிலிருந்து ஒரு போன் இல்லை. போன் மணி அடித்தால் ஹரிதா எழுந்து நிற்கிறாள். நேற்று அடித்தது மூன்று தடவை. இரண்டு ராங் நம்பர், ஒன்று காஸ் கம்பெனி. நானாகப் போன் செய்யலாமா என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களைத் துரத்திக்கொண்டு போகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. தலைமுடி வாருவதை ஹரிதா நிறுத்திவிட்டாள். நேற்று சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லை பாட்டி. அந்த ஆடு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் முடிவெடுத்திருக்கலாம்" என்றாள். இதற்கு மேல் நான் என்ன எழுத?

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். உன் மூத்த மகளின் கல்யாணத்தை உன் இளைய மகளின் பாட்டால் நீ நிறுத்திவிட்டாய். யந்திரத்தையும் சிடியையும் பொட்டலம் கட்டிவிட்டேன். உன் நண்பர் இருபத்தைந்தாம் தேதி திரும்பும்போது அவரிடமே கொடுத்துவிடுகிறேன். இனி எனக்கு எதுவும் அனுப்பாதே. அடுத்த மாப்பிள்ளையை நீயே பார்த்துக்கொள், அவர்களிடம் ரேடியோ இல்லாத கார் இருக்கிறதா என்று முதலில் விசாரி. ஹர்ஷிணியின் பாட்டு வாத்தியாருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு.

கோபத்திலும் ஆசீர்வாதத்தைக் குறைக்கக்கூடாது என்பதால் குறைக்காமல் அனுப்புகிறேன். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். காதை மூடிக்கொள்வதன் அருமை எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா,
அம்புஜம்

பின்குறிப்பு (வியாழக்கிழமை): இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குள் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அரங்கசாமியும் வெங்கடம்மாளும் இறங்கினார்கள். பின்னால் நம் அம்பாசடருக்குப் புத்தம்புது பம்பர், செய்தித்தாள் சுற்றி. "ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை?" என்று கேட்டுவிட்டேன். "உங்க வண்டியை இடிச்சுப்போட்டு எந்த மூஞ்சியோட போன் பண்றதுங்க? பம்பர் கைக்கு வரட்டும்னுதான் இருந்தோம். நீங்களும் கூப்பிடுல, கோவமாட்ட இருக்குதுன்னு இவ ரெண்டு நாளா தூங்குலீங்க" என்றார். வெங்கடம்மாள் தலைப்பு முடிச்சை அவிழ்த்து வாழையிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போய், நமக்கும் சேர்த்துத் தாங்களே பூக் கேட்டுவிட்டார்களாம். முதல் பொட்டலமே வெள்ளைப் பூ. தை பிறந்ததும் முகூர்த்தம். லீவுக்கு இன்றே எழுதிக் கொடு.

அவர்கள் முகம் கழுவப் போனபோது ஹரிதா என்னிடம் ஒன்று சொன்னாள். புளியமரத்தடியில் சசிதர் அவளிடம் கேட்டது இதுதானாம்: "உங்க பாட்டிக்கு அந்தப் பாட்டு அவ்வளவு புடிக்குமுங்களா? எங்கப்பா ஈச்சனாரியில இருந்து ரேடியோவை அணைக்கச் சொல்லிக் கெஞ்சறாரு, அம்மாதான் மரியாதை இல்லைன்னு அவரு கையைப் புடிச்சிட்டு வாராங்க." இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கள் அவ்வளவு ஆசையாகப் போட்டீர்களே பாட்டி, எப்படிச் சொல்வது என்கிறாள்.

நானும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கூடத்துக்கு வந்தேன். வாயைத் திறப்பதற்குள் அரங்கசாமி, "ரிசப்ஷன்ல சின்ன அம்மணி பாட்டு இருந்தே ஆகோணுமுங்க, மேடைக்குச் சொல்லிப்போட்டேன்" என்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டு நான் வேண்டாம் என்பதா? "அவளுக்குப் பாக்கியம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் காப்பியைக் குடித்தோம். கோபி உறவினர்களுக்குப் போட்டுக் காட்ட சிடியையும் யந்திரத்தையும் கேட்டார், கொடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. வாத்தியாருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு, அவரை இனி தினமும் வரச் சொல். ஹர்ஷிணியிடம் பாட்டி நூறு முத்தம் கொடுத்ததாகச் சொல். தை மாதம் கோபிசெட்டிபாளையத்தில் எழுநூறு பேர் அவள் பாட்டைக் கேட்க உட்கார்ந்திருப்பார்கள். எப்படிப் பாடினாலும் ஒருவர்கூட எழுந்து போகமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், குழந்தையை நன்றாகப் பழக்கு.